ஏழு வயதும் இரண்டு மாதமும்

ராயபுரம் பனைமரத்தொட்டியில் அடைக்கலமேரிக்குக் கப்பலேறிய மேரி என்று பேர். தெருவில் பாதிப் பேர் தாம்பரம்கூடப் பார்த்திராத காலத்தில், 1950-ஆம் வருஷம், புருஷன் கஸ்பாரோடு கப்பலேறி ஒன்றரை வருஷம் பசிபிக் கடலைச் சுற்றி வந்தவள் அவள். சிங்கப்பூர், போர்ட் மோர்ஸ்பி, ரபாவுல், ஹோனியாரா, சுவா, ஆபியா, பாப்பேத்தே என்று கஸ்பார் விரல் விட்டுச் சொல்வான். அவளிடம் போய் “இன்னாக்கா பாத்த?” என்று கேட்டால், “தண்ணிதான்” என்பாள். கேட்டவள் மூஞ்சி சுண்டிப்போய்த் திரும்புவாள். அவளுக்குத் திமிர் என்று குழாயடியில் பேசிக்கொள்வார்கள். திமிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.

இவ்வளவுக்கும் முதல் காரணம் ஒரு சின்னப் பொய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கஸ்பார், பார்லோ துரை வீட்டுச் சமையல்காரன். துரை ஒரு கப்பல் கம்பெனியில் எஞ்சினியர். கஸ்பாருக்கும் மேரிக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை லூயிஸ். பிறந்ததும் எப்பேர்ப்பட்ட நேரத்தில்! 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய மாதம். நிறைமாத வயிற்றோடு மாட்டுவண்டியில் மாத்தூருக்குப் போய், தெரிந்தவர் ஒருவரின் வயலோரக் கொட்டகையில் அவள் பிள்ளை பெற்றாள். சுற்றுவட்டாரத்தில் மாதா கோயில் இல்லை. கஸ்பார் துரையோடு பட்டணத்திலேயே இருந்தான். ஊர் அடங்கி, செப்டம்பரில் வீடு திரும்பின பிறகுதான் பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்து எட்டு நாளைக்குள் தலையில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். மாதக்கணக்கில் தாமதித்தவர்களைப் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பேர் சொல்லிக் கிழித்துவிடுவார். “எப்போது பிறந்தது?” என்று சாமியார் கேட்டதும், “போன மாசம் சாமி” என்று கஸ்பார் ஒரு போடு போட்டான். ஐந்து மாதப் பிள்ளை அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. “ஒரு மாதத்துக்கு நல்ல புஷ்டி” என்று சிரித்துக்கொண்டே ஆகஸ்டு என்று ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதினார். மேரி பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

1949 ஜூனில் லூயிசுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார், கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா துரை பங்களாவுக்கு ஓடி, “கஸ்பாரண்ணே, உங்க சாமியார இட்டுகினு சீக்கிரம் வா” என்றாள். துரை அன்று நாலு கப்பல் கேப்டன்களுக்கு விருந்து வைத்திருந்தார். “இதோ, புட்டிங் வெச்சிட்டு வந்துர்றேம்மா” என்றான் கஸ்பார். பாவி, அப்படித்தான் சொன்னான். விருந்தின் கடைசி இனிப்பான புட்டிங்கை வைத்து, தட்டுகளை எடுத்து, சாமியாரைக் கூட்டிக்கொண்டு அவன் வந்தபோது மூன்று மணி. பிள்ளை அதற்கு முன்பே போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாவம் தெரியாது. செத்தால் நேரே மோட்சம், அது சம்மனசு, தேவதூதன். ஏழு முடிந்துவிட்டால் அது மனுஷ ஆத்துமா. அதற்குச் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் வேண்டும், சாகுமுன் சாமியார் அவஸ்தை எண்ணெய் பூச வேண்டும், செத்த பிறகு பூசை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்சத்துக்குப் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து தவிக்கும். சாமியார் வாசலில் நின்றபடியே, “வயசென்ன?” என்றார்.

“இன்னும் ஏழு ஆவல சாமி” என்றான் கஸ்பார்.

கோயில் புத்தகத்தைப் பார்த்தார்கள். ஆறு வயது பத்து மாதம். “அப்படியானால் பயமில்லை, சம்மனசு” என்று சாமியார் மூச்சு விட்டார். பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் காகிதப் பூ கிரீடம் வைத்தார்கள். கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. சம்மனசுக்கு அடிப்பதுபோலத் திருநாள் மணி கணகணவென்று அடித்தது. மேரி அழ வாயைத் திறந்ததும் நாத்தனார் லூர்து ஓடிவந்து பொத்தினாள்.

“அழுவாத மேரி. பெத்தவ அழுதா சம்மனசோட ரெக்க நனஞ்சிடும். பறக்க முடியாம தவிக்கும் புள்ள.”

மேரி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரியாதா? பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் வயது? ஏழு வருஷம் இரண்டு மாதம். போன வாரம்தான் கொய்யாப்பழம் திருடி வந்து, “பொய் சொன்னா பாவம்தானம்மா?” என்று கேட்டுவிட்டு, திருடியதை ஒப்புக்கொண்டான். பாவம் தெரிந்த பிள்ளை. அப்படியானால் அவன் மோட்சத்தில் இல்லை. எங்கேயோ கிடந்து தவிக்கிறான், அவனுக்காக ஒருத்தரும் ஒரு பூசை வைக்கப் போவதில்லை. சொல்லலாம் என்றால் பொய்யும் வெளியே வரும், புட்டிங்கும் வெளியே வரும். சம்மனசின் தாய் என்று ஊர் அழ விடவில்லை. ஆத்துமாவின் தாய் என்று அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் மரத்துப்போனாள். உலை வைத்தாள், தின்றாள், படுத்தாள். ஒருநாள் கொதிக்கிற கஞ்சி புறங்கையில் கொட்டியது. அஜீசுன்னிசா அலறியபோதுதான் கையைப் பார்த்தாள்.

ஆறு மாதம் கழித்து பார்லோ துரைக்குப் புது வேலை வந்தது. சண்டையில் உடைந்துபோன தீவுத் துறைமுகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதைப் பழுதுபார்க்கலாம் என்று கம்பெனிக்கு எழுத வேண்டும். துரைசாணியும் கைக்குழந்தையும் கூடவே போனார்கள். சமையலுக்குக் கஸ்பார், குழந்தைக்கு ஆயாவாக மேரி. “இந்த வூட்டுலயே குந்திகினு இருந்தா நீ பைத்தியமாயிடுவே. வாமே, போலாம்” என்றான் கஸ்பார். அவள் துணியை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தாள்.

அப்புறம் தண்ணீர். சிங்கப்பூரில் இரண்டு நாள். போர்ட் மோர்ஸ்பியில் வெயில். ரபாவுலில் பழைய எரிமலைச் சாம்பல் காற்றில் பொடியாகப் பறந்துகொண்டே இருந்தது. துறைமுகத்தில் முழுகின கப்பல்களின் பாய்மரக் கம்பங்கள் தண்ணீருக்கு மேலே நின்றன. ஹோனியாராவில் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன தகரக் கொட்டகைகளில் ஜனங்கள் குடியிருந்தார்கள். கடற்கரையில் துருப்பிடித்த டாங்கிக்குள் கோழி அடைகாத்தது. துரைசாணி எல்லாவற்றையும் படம் பிடித்தாள். மேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அது பல் முளைக்கிற குழந்தை, அவள் கையைக் கடிக்கும். “கடிக்கவிடாதே ஆயா” என்று துரைசாணி சைகை காட்டினால்தான் அவளுக்குத் தெரியும்.

ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாதா கோயில் இருந்தது. கப்பல் கரையை நெருங்கினால் அவள் கண் முதலில் சிலுவையைத் தேடும். ஒரே ஒரு பூசை. “லூயிஸ், ஏழு வயது முடிந்தவன்” என்று ஒரு சாமியாரிடம் சொல்லிவிட்டால் போதும். இங்கே ராயபுரத்துக்காரர் எவரும் இல்லை, லூர்து இல்லை, புத்தகம் இல்லை. அந்தச் சாமியார்களுக்குத் தமிழ் தெரியாது, அதுதான் சங்கடம். இங்கிலீஷ் தெரிந்தவன் கஸ்பார் ஒருத்தன். அவனிடமோ கேட்க முடியாது. கேட்டால், நீ பொய் சொன்னாய், நீ நேரம் கழித்து வந்தாய் என்று சொல்வதுபோல ஆகிவிடும். அவனும் கரையில் இறங்கினதும், “மார்க்கெட்டு பாத்துட்டு வரேன்” என்று ஒரு மணி நேரம் காணாமல் போவான். குடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். திரும்பி வந்தால் வாடை இருக்காது. அதைப்பற்றியும் அவள் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு, சோறு வேண்டுமா, உப்புப் போதுமா என்பதோடு சரி.

சுவாவில் ஒரு வாய்ப்பு வந்தது. சந்தையில் வெண்டைக்காய் விற்ற ஒருவர், அவள் புடவைக் கட்டைப் பார்த்துவிட்டு, “நீங்க மட்ராஸா?” என்று தமிழில் கேட்டார். பேர் தேசப்பன். அவர் அப்பா கரும்புத் தோட்டத்து வேலைக்கு மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவராம். வீட்டில் இந்துஸ்தானி, கடையில் இங்கிலீஷ், தமிழ் அரைகுறை. அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டார். “மாதா கோயில் சாமிய நல்லா தெரியும் அக்கா, என்ன வேணும் சொல்லுங்க, நான் பேசி குடுக்கிறேன்” என்றார்.

மேரி ஓரடி கிட்டே வந்தாள். “எம்புள்ள...” என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஏழு வயதில் செத்துப்போனான் என்று அவள் அதுவரை ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. தேசப்பன் காத்திருந்தார். “புள்ளைக்கி என்ன அக்கா?”

“ஒண்ணியும் இல்ல. வெண்டக்கா ஒரு கூறு குடுங்க” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கப்பலில் வந்து உட்கார்ந்ததும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்தக் கோபம்கூட ஒரு நாழிகைக்கு மேல் நிற்கவில்லை.

சுவாவிலிருந்து ஆபியாவுக்குப் போகிற வழியில் வெள்ளிக்கிழமை இரண்டு தரம் வந்தது. கடலில் தேதி மாறுகிற ஏதோ கோடு தாண்டினால் அப்படியாம். வெள்ளிக்கிழமை நாங்கள் கறி தின்னமாட்டோம், மீன் மட்டும்தான், இரண்டு வெள்ளிக்கும் மீன்தானா என்று கஸ்பார் துரையிடம் கேட்டு, துரை விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு நாளும் மீன்தான் சமைத்தான்.

நவம்பர் இரண்டு, வியாழக்கிழமை, ஆத்துமாக்கள் திருநாள். ராயபுரத்தில் அன்றைக்கு ஜனமெல்லாம் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றும். சம்மனசுகளின் குழிக்கு ஏற்றமாட்டார்கள், அதுகளுக்கு எதற்கு என்று. ஆபியாவில் கடலைப் பார்த்தபடி பெரிய வெள்ளைக் கோயில். காலைப் பூசைக்குப் போய்வர துரைசாணி அனுமதி தந்தாள். பெண்களெல்லாம் வெள்ளை உடுத்தித் தொப்பி வைத்திருந்தார்கள். ஆண்கள் நம்மூர் போல வேட்டி. மேரி பெண்கள் பக்கம் ஒரு தூணோரமாக முழங்காலிட்டாள். கஸ்பார் ஆண்கள் பக்கம் போனான். சாமியார் கறுப்பு உடுப்பில் பூசை வைத்துவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து, ஜனங்கள் கொடுத்திருந்த மரித்தோர் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். வாயில் நுழையாத பேர்கள். மேரி பீடத்தின் மெழுகுவத்திகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“லூயி கஸ்பார். மட்ராஸ்.”

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. சாமியார் அடுத்த பேருக்குப் போய்விட்டார். அவள் மெதுவாகத் திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். கஸ்பார் நெற்றி தரையில் படக் குப்புறக் கிடந்தான். முதுகு குலுங்கியது.

பூசை முடிந்து வெளியே வந்ததும், தென்னை மரத்தடியில் அவள் அவன் முன்னால் போய் நின்றாள். சூரியன் ஏறியிருந்தது. ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

“பேர யாரு குடுத்தது?”

“நாந்தாம்மே.”

“இங்க மட்டுமா?”

“எல்லா ஊர்லயும்தான். சிங்கப்பூர்ல தொர குடுத்த சிகரெட்ட வித்து பூசைக்கு குடுத்தேன். ரபாவுல் சாமியாருக்கு மீன் கொயம்பு வெச்சி குடுத்தேன், அவரு அதுக்கே ரெண்டு பூச வெச்சாரு. மார்க்கெட்டுக்குன்னு போனதெல்லாம் அதுக்குத்தான்.”

“வயசு இன்னான்னு சொன்ன?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் அவனைத் தெருவில் வைத்துத் தொட்டதில்லை.

“வயசு இன்னான்னு சொன்னய்யா?”

“ஏழு வயசு ரெண்டு மாசம்னு.”

“அப்ப அவன் சம்மனசு இல்லன்னு உனக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்றது? புள்ள மூச்சு இய்க்கசொல்ல, தட்டு எடுத்துகினு நின்னவன் நானு. அவன் சம்மனசுன்னு சாமியாரே சொன்னத நீயாவது நம்பிகினு இருக்கன்னு நெனச்சேன்.”

ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக மேரிக்கு ஏதோ ஒன்று உறைத்தது. அது கோபம்தான்.

“ஊரு ஊரா போயி நீ மட்டும் அவனுக்காவ வேண்டிகினு வந்திகீற. குப்புற வியிந்து அழுதுகினு கீற. நான் அழுதா ரெக்க நனஞ்சிடும்னு நான் மட்டும் மரக்கட்ட மாரி தொர புள்ளைய தூக்கிகினு நிக்கணும். அப்படித்தானே?” என்றாள். பிறகு குரல் இறங்கிப்போய், “அப்ப நான் அழுவலாமா?” என்று கேட்டாள்.

கஸ்பார் முகத்தைப் பொத்திக்கொண்டு, அழலாம் என்று தலையை ஆட்டினான்.

அவள் மரத்தடியில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள். முந்தானையைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் போனது. கடல் அலை அடித்தது, ஒருவன் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனான். ஒன்றும் வரவில்லை.

“வரலய்யா” என்றாள். “நம்மூர் சாமியார்கிட்ட சொல்லணும். பொஸ்தகத்துல மாத்தணும். நம்ம கோயில்ல துக்க மணி அடிக்கணும். அப்பதான் வரும்.”

“மானம் பூடும்மே. லூர்து காறித் துப்புவா.”

“துப்பட்டும். நீ வரலன்னா நான் தனியா போவேன்.”

அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் பாப்பேத்தே, அங்கிருந்து சிட்னி, எட்டு மாதம். மலை, பூ, வெள்ளை மணல் என்று துரைசாணி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டே போனாள். மேரி நாளை எண்ணிக்கொண்டு கிடந்தாள். கஸ்பார் வருவானா மாட்டானா என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனை ஓடவில்லை. சிட்னியில் ஒரு நாள் அவன் வெங்காயம் உரித்துக்கொண்டே, “சாமியார் என்னைய கோயிலுக்குள்ள வராதன்னு சொல்லிட்டா?” என்று கேட்டான். “வாசல்ல நில்லு” என்றாள்.

1951 ஜூலையில் கப்பல் மதராசில் சேர்ந்தது. மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது கஸ்பார் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தான். இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தார்கள்.

அதே சாமியார்தான், தாடி மட்டும் நரைத்திருந்தது. கஸ்பார் முழங்காலிட்டு, ஏப்ரலில் பிறந்த பிள்ளையை ஆகஸ்டு என்றதையும், சாகும்போது ஏழு ஆகவில்லை என்றதையும், நடுவில் பரிமாறின புட்டிங்கையும் ஒன்று விடாமல் சொன்னான். “புள்ளைய கையில வெச்சிகினு நானும் சும்மாதான் சாமி இருந்தேன்” என்றாள் மேரி. பெரிய சத்தம் வரும் என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நான் திட்டுவேன் என்று பயந்தா?” என்றுதான் கேட்டார் சாமியார்.

“ஆமா சாமி” என்றான் கஸ்பார்.

அவர் எழுந்து போய்ப் பழைய புத்தகத்தை எடுத்து வந்தார். பக்கத்தைப் புரட்டி, ஆகஸ்டு என்று தாம் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஏப்ரல் என்று எழுதினார். துக்கப் பூசைக்குக் கறுப்பு உடுப்பை எடுத்து வைக்கச் சொன்னார். மணி அடிக்கிறவரைக் கூப்பிட்டு, பெரியவர்களுக்கு அடிக்கிற துக்க மணி என்று சொன்னார்.

மணி ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து விழுந்தது. துக்க மணி கேட்டால் தெருப் பெண்கள் போட்டது போட்டபடி கோயிலுக்கு ஓடிவந்து, யார் என்று விசாரிப்பார்கள். அப்படித்தான் வந்தார்கள். அஜீசுன்னிசாகூட வாசல்வரை வந்தாள். லூர்து கையில் மாவோடு முன்னால் வந்து, படியில் உட்கார்ந்திருந்த மேரியைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

“நேத்துதான வந்த? யாரு மேரி பூட்டது?”

“லூயிசு.”

“எந்த லூயிசு?”

“எம்புள்ள லூயிசு.”

லூர்துக்கு ஒன்றும் புரியவில்லை. கஸ்பாரைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள். “அது பூட்டு ரெண்டு வருசமாச்சேம்மா. அவன் சம்மனசாச்சே” என்றாள்.

“சம்மனசு இல்ல அண்ணி. ஏழு வயசு முடிஞ்சிட்ச்சி அவனுக்கு. ஏழு வயசு ரெண்டு மாசம். மனுசன் அவன்” என்றாள் மேரி. வாய் கோணிக்கொண்டது. லூர்துவின் மாவுக் கையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பிள்ளை செத்து இரண்டு வருஷமும் ஒரு மாதமும் கழித்து, மணிச் சத்தத்துக்கு மேலே தெருவெல்லாம் கேட்க ஓவென்று அழுதாள்.